ஒன்பதாம் பெட்டியில் சளிப் பிடித்த குருவி

பூங்காவில் அவளை அண்ணி என்று கூப்பிடாதவர் இல்லை. தோட்டக்காரர்கள், தண்ணீர் லாரிக்காரர், வாசல் காவலாளி எல்லோருக்கும் அவள் அண்ணிதான். மேலதிகாரிகூட ஒருமுறை அவசரத்தில் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லாம் நாத்தனாரால் வந்தது. அண்ணி பறவைப் பிரிவு, நாத்தனார் பூச்சிப் பிரிவு. ஒரே தாழ்வாரத்தில் எதிரெதிர் அறைகள். "அண்ணி, என் கத்தரிக்கோல எடுத்தீங்களா?", "அண்ணி, உங்க குருவி என் பட்டாம்பூச்சியத் தின்னுடுச்சு" என்று ஒருத்தி நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கும் தொற்றிக்கொள்ளத்தானே செய்யும்.

வீட்டிலும் இதே கதை. கீழே அண்ணியும் அவள் கணவரும், மாடியில் நாத்தனார். கணவர் அதே அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் பதினொரு வருடமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பவர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்து "நீங்களே சொல்லுங்க", "நீயே சொல்லுண்ணா" என்றால் போதும், அவருக்கு உடனே தாகம் எடுத்துவிடும். தண்ணீர் குடிக்கப் போனவர் அரை மணி நேரம் கழித்துத்தான் வருவார்.

மேலதிகாரிக்குப் பெயர் தும்மல் சார். பூந்தாது அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அப்படிப்பட்டவரைத் தேடிப் பிடித்துப் பூங்காவுக்குத் தலைவராகப் போட்ட மகராசன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. ஜன்னல்களை அடைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். வெளியே என்ன நடக்கிறது என்பதைக் காகிதத்தில்தான் தெரிந்துகொள்வார். அதுவும் கோடு போட்ட பட்டியலாக இருக்க வேண்டும். மரம் விழுந்தால்கூட விழுந்த மரம், விழாத மரம் என்று இரண்டு பத்தி கேட்பார்.

அந்தத் திங்கட்கிழமை அண்ணியையும் நாத்தனாரையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

"டிக்கெட் கவுன்டர்ல இருந்தவர் வேலைய விட்டுட்டுப் போயிட்டார். தெரியுமில்ல? புது ஆள் தர மாட்டாங்களாம். உள்ளேயே யாரையாவது போட்டுக்கோன்னு மேல இருந்து லெட்டர். குருவிக்கு ஒரு பிரிவு, பூச்சிக்கு ஒரு பிரிவு, ரெண்டு எதுக்குன்னும் கேட்டிருக்காங்க." கைக்குட்டையை எடுத்து ஒரு தும்மல் போட்டார். "நான் நியாயமா நடந்துக்கணும்னு பாக்குறேன். ஒரு பாட்டுக் குருவி, ஒரு தேனீ. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு பட்டியல். மூணு வாரம் டைம். அப்புறம் நானே வெளிய வர்றேன். ஆளுக்கு ஒரு குடும்பம் காட்டணும். கூட்டோட, உயிரோட. காட்ட முடியாதவங்க கவுன்டர்."

அந்தக் கவுன்டரை அண்ணிக்கு நன்றாகத் தெரியும். ஆள் ஒருவர் திரும்பினால் முழங்கை இடிக்கும் தகரக் கூண்டு. கண்ணாடியில் அரைவட்டமாக ஒரு ஓட்டை. அதற்குள் கைகள் மட்டும் வந்து வந்து போகும். முகம் தெரியாது, மரம் தெரியாது, வானம் சுத்தமாகத் தெரியாது. மத்தியான வெயில் நேராக மடியில் விழும். டிக்கெட் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள், கழிப்பறை எந்தப் பக்கம் என்று. பதினாறு வருடமாக மரத்தடி மரத்தடியாகக் காது வைத்துத் திரிந்தவளை அதற்குள் உட்கார வைத்தால் ஒரே வாரத்தில் அவளே கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்துவிடுவாள்.

அண்ணி பட்டாணிக் குருவியைத் தேர்ந்தெடுத்தாள். வெள்ளைக் கன்னமும் நெஞ்சில் கறுப்புக் கோடுமாக, கழுத்துப்பட்டி கட்டிய குமாஸ்தாவைப் போல இருக்கும் சின்னக் குருவி. நாத்தனார் எடுத்துக்கொண்டது பம்பிள் தேனீ. புத்தகத்தில் அதற்கு என்ன பெயர் இருந்தாலும் பூங்காவில் அது குண்டுத் தேனீ. கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பூவுக்குப் பூ மோதிக்கொண்டு திரியும் அதை வேறெப்படிக் கூப்பிடுவது?

பட்டியல் ஆரம்பித்த அன்றே டைப்பிஸ்டுக்கு நாள் முழுக்கத் தாகம்.

"எடைன்னு போடுங்க. குருவி பதினஞ்சு கிராம். தேனீ ஒரு கிராம்கூட தேறாது. அதையும் எழுதுங்க" என்றாள் அண்ணி.

"கனமா இருக்கிறதெல்லாம் பெருமையா? அப்ப அண்ணியே ஜெயிச்சுடுவாங்க" என்றாள் நாத்தனார். "அடுத்த வரி. பாட்டு."

"குருவி விதவிதமாப் பாடும். உன்னோடது வாயத் தொறந்தா ஒரே ஊளை."

"அது வாயில இல்ல அண்ணி, றெக்கையில. ஒரே சுருதி, ஆனா பிசகாது. அந்த அதிர்வு இல்லன்னா தக்காளிப் பூவுல இருந்து தாது ஒழுங்கா உதிராது. உங்க குருவி பாடி எந்தச் செடி காய்ச்சுது?"

"தகப்பன்னு ஒரு வரி சேருங்க" என்றாள் அண்ணி, கணவரை ஓரக்கண்ணால் பார்த்தபடி. "குருவியில அப்பனும் சேர்ந்துதான் புழு கொண்டுவரும். தேனீயில அப்பன் எங்க?"

"வீட்ட விட்டுப் போனா திரும்பி வராது. பூவுலயே படுத்துத் தூங்கிடும்" என்று நாத்தனார் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. டைப்பிஸ்ட் அந்த வரியை அடித்துவிட்டு ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆண் தேனீயின் மேல் அவருக்குப் பொறாமை வந்திருக்க வேண்டும்.

அடைகாக்கிற வரியில் மட்டும் சண்டை நின்றது. குருவி முட்டை மேல் உட்காருவது எல்லோருக்கும் தெரியும். ராணித் தேனீயும் அப்படித்தான், மெழுகில் வைத்த முட்டை மேல் வயிற்றை அழுத்திக்கொண்டு, உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடு கொடுக்கும் என்று நாத்தனார் சொன்னாள். அண்ணிக்கு அது புதிது. "நெஜமாவா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தன் மேலேயே கோபப்பட்டாள்.

பட்டியல் கிடக்கட்டும். கேள்வி குடும்பம்தான். அங்கே அண்ணியின் கை ஓங்கியிருந்தது. பூங்கா முழுக்க இருபத்துநான்கு மரப்பெட்டிகளை அவள் மாட்டி வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் குருவி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, மேலே திறக்கிற மூடி, பக்கத்தில் எண். மாட்டியது எல்லாம் சரியாக அவள் காது உயரத்தில். ஏனென்றால் கூடு கட்டும் காலத்தில் மூடியைத் திறப்பதில்லை என்பது அவள் சட்டம். ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்ட கணவரோடு நான்கு நாள் பேசாமல் இருந்தவள் அவள். பெட்டியில் காதை வைப்பாள், இருபது எண்ணுவாள், நோட்டில் குறிப்பாள். குஞ்சு கத்தினால் "கீ". அடைகாக்கும் தாய் உள்ளேயிருந்து பாம்பு மாதிரி சீறினால் "சீ". ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கோடு.

அந்த வருடம் பருவம் தப்பி அடித்த மழையில் இருபத்துநான்கில் இருபத்தொன்று கோடு. மிச்சம் மூன்றில் இரண்டு பெட்டிக் குஞ்சுகள் தும்மல் சார் கூப்பிடுவதற்கு முன்பே பறந்துவிட்டன. ஒன்பதாம் பெட்டி மட்டும் பாக்கி. அதில் குருவி பாசி கொண்டு போனதைக் கண்ணால் பார்த்திருந்தாள். காவலாளியின் வெள்ளை நாய் உதிர்த்த முடியை வாய் நிறையக் கவ்விக்கொண்டு போனதையும் பார்த்திருந்தாள். அதன் பிறகு நாள் தவறாமல் "சீ".

நாத்தனாரிடம் ஒரு கூடும் இல்லை. குண்டுத் தேனீயைப் பூவில் பார்ப்பது சுலபம், வீட்டில் பார்ப்பது கஷ்டம். எலி விட்டுப்போன வளை, குப்பை, பழைய துணி மூட்டை என்று எங்கேயாவது ஒளிந்து குடியிருக்கும். நாத்தனார் கைகால் ஊன்றி மண்ணில் காதை வைத்துத் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

இரண்டாம் வாரம், ஒரு மத்தியானம். அண்ணி ஒன்பதாம் பெட்டிக்கு எதிரே இருந்த பெஞ்சில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நாளாகவே அந்தப் பெட்டி அவளை உறுத்திக்கொண்டிருந்தது. சீறல் வரவரத் தடித்துவிட்டது. தாய்க்குருவிக்குச் சளி பிடித்திருக்கும், மழையில் நனைந்திருக்குமல்லவா என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்பன் குருவி தீனியோடு வந்து ஒருநாளும் பார்க்கவில்லை. ஆம்பிளைதானே என்று அதற்கும் ஒரு சமாதானம். அப்படி நினைத்த ஒரு சாயங்காலம் காரணம் சொல்லாமல் கணவர் மேல் எரிந்து விழுந்ததும் உண்டு.

முதல் கவளத்தை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். ஒரு குண்டுத் தேனீ வந்தது. பின்னங்கால் இரண்டிலும் மஞ்சள் மூட்டை. பூ எதையும் திரும்பிப் பார்க்காமல், வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருப்பவரைப் போல நேராக ஒன்பதாம் பெட்டியின் ஓட்டைக்குள் நுழைந்தது. இன்னொன்று வெளியே வந்தது. பிறகு இரண்டு உள்ளே. கவளம் கையிலேயே காய்ந்தது.

அவளுக்கு விஷயம் புரிய அரை நிமிடம்கூட ஆகவில்லை. நாத்தனார் பூங்கா முழுக்கத் தவழ்ந்து தேடுவது தன் பெட்டியில் இருக்கிறது. தன் குருவி என்றைக்கோ போய்விட்டது. பதினாறு வருட அனுபவமுள்ள காது, தேனீக் கூட்டைக் குருவி என்று எழுதி வைத்திருக்கிறது. இதைச் சொன்னால் நாத்தனாருக்குக் கூடு, தனக்குக் கவுன்டர். சொல்லாவிட்டால்?

நோட்டை எடுத்தாள். பென்சில் ஒரு நிமிடம் காற்றில் நின்றது. "சீ" என்று எழுதினாள். எழுதியது குருவியைப் பற்றியா தன்னைப் பற்றியா என்று ஒரு சந்தேகம் வந்தது. டப்பாவை மூடிவிட்டு எழுந்துவிட்டாள்.

செய்ததோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நாத்தனார் ஒன்பதாம் பெட்டிப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்ற பயம் பிடித்துக்கொண்டது. அன்று மாலை தேநீர் ஆற்றிக்கொண்டே, யாருக்கோ சொல்வது போல ஆரம்பித்தாள்.

"குப்பை மேட்டுக்குப் பின்னாடி போனேன். ஏதோ ஊய்ங்னு கேட்டுது. பூச்சியோ என்னவோ, எனக்கென்ன தெரியும்."

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நொடி அதிகமாகவே பார்த்தாள்.

"அப்படியா அண்ணி? நாளைக்கே பாக்குறேன்."

மறுநாள் முழுக்கக் குப்பை மேட்டில் தவழ்ந்தாள். அதற்கு மறுநாள் பம்ப் ஷெட் பின்புறம். அது தென்கோடி, ஒன்பதாம் பெட்டி வடகோடி. பிறகு பழைய நாற்றங்கால். அண்ணிக்கு இடம் சொல்லச் சொல்லப் பழகிவிட்டது. "செங்கல் அடுக்கி வெச்சிருக்காங்களே, அதுக்குள்ள" என்று கைகாட்டிவிட்டு அவள் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்க்க, நாத்தனார் முந்நூறு செங்கலை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அடுக்கினாள். காவலாளியின் நாய் அவளைப் பார்த்து இரக்கப்பட்டு, கூட உட்கார்ந்து தோண்டிக் கொடுத்தது.

ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து நாத்தனார் முட்டிக்குத் தைலம் தேய்ப்பாள். இரண்டு முட்டியும் தோல் உரிந்து சிவந்திருந்தன.

"வலிக்குதா?" என்று அண்ணி கேட்டாள்.

"இல்ல அண்ணி, கூசுது. நாளைக்கு எங்க போகலாம்?"

அண்ணிக்கு வெட்கமாக இருந்தது. தைலப் பாட்டிலை அவளே எடுத்துக் கொடுத்தாள். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தாள். அப்போது பார்த்து அந்தத் தகரக் கூண்டும் அரைவட்ட ஓட்டையும் கண்முன்னே வந்து நின்றன. "தண்ணித் தொட்டி மேட்ல பாரேன்" என்று சொல்லிவிட்டு வேகமாகக் கீழே இறங்கிவிட்டாள்.

மூன்று வாரம் முடிந்த திங்கட்கிழமை. தும்மல் சார் முகமூடிக்கு மேல் கைக்குட்டை கட்டிக்கொண்டு வெளியே வந்தார். வந்த வேகத்தில் நான்கு தும்மல். டைப்பிஸ்ட் பட்டியலை அட்டையில் சொருகி மார்போடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். நல்ல காகிதத்தில் பத்து வரி. இடது பக்கம் குருவி, வலது பக்கம் தேனீ. கூடு என்ற வரியில் இடது பக்கம் "ஒன்பதாம் பெட்டி". வலது பக்கம் காலி.

"பூச்சிப் பிரிவு?"

"கெடைக்கல சார்" என்றாள் நாத்தனார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "எல்லா எடத்துலயும் தேடிட்டேன்."

"அப்ப முடிஞ்சது. சரி, வந்தது வந்தாச்சு, குருவியையும் பாத்துடுவோம்."

ஒன்பதாம் பெட்டியடியில் நான்கு பேரும் நின்றார்கள். தேனீக்களை இவர் பார்த்துவிடக் கூடாதே என்று அண்ணி ஓட்டைப் பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். மூடியைத் திறக்க மாட்டோம், காது மட்டும்தான் என்று சட்டத்தை எடுத்துச் சொன்னாள். தும்மல் சார் மரியாதையாகக் குனிந்து, பெட்டியில் காதை வைத்தார்.

"ஆமா. சீறுது."

"தாய்க்குருவி சார். அடையில இருக்கு."

"பாவம். சளி போல இருக்கு" என்றவர், சளி என்ற சொல்லை உச்சரித்த தோஷமோ என்னவோ, மூச்சை இழுத்து, மூக்கைச் சுருக்கி, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு தும்மல் தும்மினார். பெட்டியே ஆடிப்போனது.

உள்ளேயிருந்து கிளம்பியது ஒரு சத்தம். சீறல் இல்லை. அறுபது எழுபது இறக்கைகள் ஒரே சமயத்தில் உறும, பலகை அதிர்ந்தது. அதில் அடித்திருந்த எண் தகடும் சேர்ந்து கிடுகிடுத்தது. தும்மல் சார் இரண்டடி பின்னால் துள்ளினார்.

"என்னம்மா இது? மிக்ஸி ஓடுற மாதிரி?"

அண்ணி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவம் சார்" என்றது ஒரு குரல். நாத்தனார். "தாய்க்குருவிக்குக் கோவம் வந்தா இப்படித்தான். வீட்டுக்குள்ள புள்ளைங்க இருக்கும்போது யாராவது வந்து தும்மினா யாருக்குத்தான் வராது?"

சொல்லிவிட்டு இமைக்காமல் நின்றாள். கண்ணைக் கட்டிவிட்டுக் காதருகே ஒரு பூச்சியைப் பறக்கவிட்டால், அது என்ன பூச்சி, ஆணா பெண்ணா, எத்தனை நாள் வயது என்று சொல்லிவிடக்கூடியவள் அவள். இந்த உறுமலைக் கேட்டுக் குருவி என்கிறாள்.

அப்போதுதான் அண்ணிக்கு எல்லாம் விளங்கியது. இவளுக்குத் தெரியும். இன்றைக்கு நேற்று இல்லை, முதலிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டே குப்பை மேட்டுக்குப் போயிருக்கிறாள். தெரிந்துகொண்டே முந்நூறு செங்கலை எடுத்து அடுக்கியிருக்கிறாள். கூடு வரியைக் காலியாக விட்டுவிட்டுக் கவுன்டருக்குப் போகத் தயாராக இங்கே வந்து நிற்கிறாள். அண்ணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நாத்தனாரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, ஓங்கி ஒன்று வைக்கவும் தோன்றியது.

இரண்டையும் செய்யவில்லை. கையை நீட்டி ஒன்பதாம் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டாள்.

"ஏய், என்ன பண்ற?" என்று டைப்பிஸ்ட் அலறினார். எட்டிப் பார்த்ததற்கு நான்கு நாள் தண்டனை அனுபவித்தவர் அல்லவா.

"பொய் சார்" என்றாள் அண்ணி. "இது குருவி இல்ல. குண்டுத் தேனீ. ஒரு வாரமா எனக்குத் தெரியும். தெரிஞ்சே இவளத் தப்பான எடத்துக்கெல்லாம் அனுப்பினேன். வந்து பாருங்க."

உள்ளே குருவி கொண்டுவந்த பாசி மெத்தை அப்படியே இருந்தது. நாய் முடியில் கட்டிய கிண்ணம் இருந்தது. அந்தக் கிண்ணத்துக்குள் பட்டாணி அளவில் பழுப்பு மெழுகுக் குடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. அவற்றின் மேல் கம்பளித் தேனீக்கள். ஒன்று மட்டும் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, கிட்டே வராதே என்று காலைத் தூக்கிக் காட்டியது.

"அப்ப குருவியத் துரத்திட்டு இதுங்க வந்துடுச்சா?" என்றார் தும்மல் சார், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

"துரத்துச்சோ, அதுவே போச்சோ, யாரும் பாக்கல சார்" என்று நாத்தனார் பாய்ந்தாள். "ஆனா அந்தக் குருவி இல்லன்னா இந்தக் கூடே இல்ல. தேனீக்கு மெத்தை பின்னத் தெரியாது. யாராவது செஞ்சு வெச்சாத்தான் குடியேறும். இது குருவியோட வேலை சார். பறவைப் பிரிவுலதான் எழுதணும்."

"குருவியா இது? இத்தனை வயித்துக்குச் சோறு போடுறது யாரு, அந்த ராணியில்ல?" என்று அண்ணி சீறினாள். "முட்டை மேல வயித்த வெச்சு அழுத்தி நடுங்கி நடுங்கிச் சூடு குடுக்குது, குருவியவிடப் பாடுபடுது. பூச்சிப் பிரிவு சார் இது. எழுதிக்கோங்க. நான் கவுன்டருக்குப் போறேன்."

"நீங்க ஏன் போறீங்க? காட்ட முடியலன்னு சொன்னது நான்."

"பொய் சொன்னவ நான்."

"நானும்தான் சொன்னேன். இப்பதானே சொன்னேன், சார் முன்னாடியே. கோவம்னு."

மூன்று வாரமாகப் போக மாட்டேன் என்று சண்டை போட்டவர்கள், அதே மூச்சில் நான் போகிறேன் என்று சண்டை போட்டார்கள். தேனீக்கள்கூட அடங்கிவிட்டன, இவர்கள் அடங்கவில்லை. தும்மல் சார் பட்டியலைப் பிடுங்கிப் பார்த்தார். கூடு என்ற வரியில் இருந்த கோட்டைப் பேனாவால் அடித்து, இரண்டு கட்டத்தையும் ஒன்றாக்கினார். ஒரு கூட்டில் ஒரு பாதி ஒரு பிரிவு, மறுபாதி இன்னொரு பிரிவு என்றால் எதை மூடுவது? இப்படி ஒரு பட்டியலில் அவர் வாழ்நாளில் கையெழுத்திட்டதில்லை. இதை டைப் அடித்தவர் யார் என்று நிமிர்ந்து பார்த்தார்.

டைப்பிஸ்ட் திருதிருவென்று விழித்தார்.

"இவருக்கு வேற என்ன வேலை?"

"எங்க ரெண்டு பேர் பட்டியலையும் அடிக்கிறது சார்."

"ரெண்டு பேரும் இனிமே ஒரே பிரிவு. பட்டியலும் ஒண்ணுதான். நீங்களே அடிச்சுக்கோங்க" என்றவர் ஒரு பெருந்தும்மலோடு தீர்ப்பை முடித்தார். "கவுன்டருக்கு இவர்."

பாவம் என்று யாரும் அவருக்காக வருந்த வேண்டாம். மறுநாள் காலை எட்டு மணிக்கே தண்ணீர் பாட்டிலும் விசிறியுமாகப் போய் அந்தக் கூண்டில் உட்கார்ந்துகொண்டார். ஒரு ஆள் அகலம், உள்ளே தாழ்ப்பாள், நடுவில் கண்ணாடி. கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் முகமலர்ந்து பதில் சொன்னார். அந்தக் கேள்வியில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வீட்டில் சண்டை வராது.

அதற்கு முந்தைய இரவு, மாடிப்படியில், அண்ணி தைலப் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தாள். கேட்காமலே நாத்தனாரின் காலை இழுத்து மடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"நீங்க முதல் 'சீ' போட்ட அன்னைக்கே. நீங்க அந்தப் பக்கம் போனதும் நானும் காது வெச்சேன். ராணி தனியா இருந்துச்சு."

"சார் கவுன்டர்னு சொன்ன அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீங்க கவுன்டர்ல உக்காருவீங்க. அங்க நாள் பூரா வாயத் தொறக்காம இருந்துட்டு, மிச்சப் பேச்சையெல்லாம் சாயங்காலம் வீட்டுக்கு வந்து யார்கிட்ட பேசுவீங்க? அண்ணன் தண்ணி குடிக்கப் போயிடும். மாடியில மாட்டிக்கிறது நான்தானே?"

அண்ணி சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கப் போய்த் தைலக் கை கண்ணில் பட்டு, எரிச்சலில் துள்ளினாள்.

"அதுசரிடி, தெரிஞ்சும் எதுக்குச் செங்கல எல்லாம் எடுத்தே? சும்மா போய் உக்காந்துட்டு வந்திருக்கலாமே."

"நீங்க ஒளிஞ்சு நின்னு பாத்தீங்களே அண்ணி. ஏமாத்தினா பாவமில்லையா?"

அண்ணி அடுத்த முட்டிக்குத் தைலம் ஊற்றினாள்.

மறுநாள் காலை ஒரே அறையில் இரண்டு மேசை. நாத்தனார் வந்தாள், தேநீரை ஆற்றினாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு யாருக்கோ சொல்வது போல ஆரம்பித்தாள்.

"தண்ணித் தொட்டிக்கு அடியில ஏதோ கீச்சுகீச்சுனு கேட்டுது. குருவியோ என்னவோ, எனக்கென்ன தெரியும்."

தொட்டிக்கு அடியில் பட்டாணிக் குருவி கூடு கட்டாது. முழங்கால் உயரம் சேறு, மேலே கான்கிரீட். பதினாறு வருட அனுபவத்தில் அண்ணிக்கு அது நன்றாகவே தெரியும்.

"அப்படியா?" என்றாள். "இப்பவே பாக்குறேன்."

நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டாள். தொட்டியடிக்குப் போய், சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, சேற்றில் முட்டி போட்டாள். காதைச் சாய்த்துவைத்து, ஒன்று விடாமல் இருபது வரைக்கும் எண்ணினாள். ஒன்றும் கேட்கவில்லை. தொட்டித் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு யாரோ வாயைப் பொத்திச் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கோடு போட்டுவிட்டு, நாய் துணைக்கு வர, இன்னும் கொஞ்சம் உள்ளே தவழ்ந்து போனாள்.